சீர் வரிசையில் நிற்பவன்: சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

அனுப்பிவைத்த மருத்துவரின் சீட்டில் மூன்றே விஷயம் இருந்தது. அடிக்கடி மயங்கி விழுகிறார், ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் நார்மல், மனநல ஆலோசனை தேவை. வந்தவருக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் மாமியாரோடு ஒட்டுக்காகக் குடியிருக்கிறார்கள். ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள்.

அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே மாதிரி அனுபவத்தோடு வந்த வேறு சிலரின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. யாருக்கும் பெயர் வைக்கவில்லை. ‘அவர்’ என்றால் சிகிச்சைக்கு வந்தவர். கொடுமை செய்தவனை ‘அந்த ஆள்’ என்று குறிப்பிடுகிறேன்.

மயக்கம் என்று வீட்டார் சொன்னது, விசாரித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. கண் திறந்தே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. கை சில்லிட்டுப்போகும். ஐந்து, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து “என்னாச்சுங்?” என்று கேட்பார். நாக்கைக் கடித்ததில்லை, சிறுநீர் போனதில்லை. வலிப்பு என்று சொல்லிச் சில வருடம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பலன் இல்லை, தூக்கம் மட்டும் கூடியது. ஒரு வருடம் மாரியம்மன் நோம்பியில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே இப்படி ஆனபோது சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசினார்கள். அதே வீட்டுக்குள் வந்தபோது காத்துக் கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இந்த இரண்டு விளக்கத்தையும் நான் மறுத்துப் பேசவில்லை. கயிறு கையில் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டதில்தான் வழி கிடைத்தது. கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று தையலைக் குனிந்து பார்க்கும்போது. கணவர் தெரியாத்தனமாகப் பின்னாலிருந்து தோளைத் தொடும்போது. ஊறவைத்த பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்த வாடை அடிக்கும்போது. இது நெடுநாளாக இருப்பதுதான். ஆனால் போன தை மாதம் மகள் வயதுக்கு வந்தாள். அதிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருகிறது.

வயதுக்கு வந்தால் என்ன? தெரட்டிச் சீர் வைக்க வேண்டும். சீர் என்றால் தாய்மாமன் வர வேண்டும். இவருக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அந்த இடத்தில் நின்று இவர் கல்யாணத்திலேயே எல்லாச் சீரும் செய்தது பெரியம்மா மகன். மகளுக்கும் அவன்தான் மாலை போட வேண்டும், பட்டு எடுத்துத் தர வேண்டும். அந்த ஆள் அவன்தான்.

கதை சுருக்கமாக இது. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிக் கூலிகள். அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். எட்டு வயதில் இவரைத் தாராபுரம் பக்கம் பெரியம்மா தோட்டத்தில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் அங்கேயே போகட்டும் என்றார்கள். தோட்டத்து வீடான சாளைக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தறி, அதை ஒட்டித் தீவன அறை. அந்த ஆளுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. பன்னிரண்டு வயதில் இவர் வயதுக்கு வந்து வீட்டுக்குத் திரும்பும்வரை அது நடந்தது. அதற்குமேல் விவரம் இங்கே தேவையில்லை. பத்து வயதில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா கன்னத்தில் ஒரு அறை விட்டு, பிறகு அழுதபடி, “சொல்லாத கண்ணு, ஊடு ரெண்டாயிரும்” என்றிருக்கிறார். லீவு முடிந்ததும் மறுபடி தோட்டத்துக்கே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

குழந்தைகள் மீதான வன்முறை பற்றி மத்தியப் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். இந்த ‘நம்பிக்கைக்குரிய இடம்’ கொங்குப் பக்கத்தில் என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த நிகழ்வில் முக்கியமாகப் பார்க்கிறேன். இங்கே உறவு வெறும் பழக்கத்தோடு நிற்பதில்லை. நோம்பி, சீர், எழவு என்று காலண்டரில் தேதி போட்டு வருகிறது. அந்த ஆள் நினைவில் மட்டும் வருபவன் என்றால் ஒரு மாதிரி சிகிச்சை. தாம்பூலத்தட்டோடு வாசலுக்கு வருபவன் என்றால் வேறு மாதிரி.

மதிப்பீடு

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாடு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய் பி.டி.எஸ்.டி. அதன் சிக்கலான வகையான காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. அதில்தான் தனி நோயறுதியாக 6பி41 என்ற எண்ணில் இடம்பெற்றது. அமெரிக்காவின் மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5இல் இது தனியாக இல்லை. பி.டி.எஸ்.டி.க்கு உரிய மூன்றும் இருக்க வேண்டும்: நடந்தது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டுவதை எல்லாம் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற ஓயாத விழிப்பு. அதற்குமேல் இன்னும் மூன்று: உணர்ச்சி கட்டுக்குள் நில்லாமை, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம், உறவுகளில் ஒட்ட முடியாமை. தப்பிக்க வழியில்லாமல் நீண்ட நாள் நடந்த கொடுமைக்குப் பிறகு இது வருவது அதிகம்.

இந்த அறிகுறிகளை அளக்க ஐ.டி.க்யூ. என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்தினேன். மொத்தம் 18 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், 2 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த அறிகுறி உண்டு என்று கணக்கு. எது நடந்தது என்று விவரமாகச் சொல்லவைக்கத் தேவையில்லை என்பது இதன் சௌகரியம். ஆறு கூறுகளிலும் அவர் வரம்பைத் தாண்டியிருந்தார். மதிப்பெண்ணைவிட அவர் பதில் சொன்ன விதம் எனக்குப் பயன்பட்டது. ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தோன்றுகிறது’ என்ற கேள்விக்கு எவ்வளவு தூரம் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டேன். கொஞ்சம் குழம்பிப்போய், “தோணறதென்னங் மேடம், அதுதானுங்களே நெசம்” என்றார். நோய் என்று அதை அவர் நினைத்ததே இல்லை. தன் உயரம், நிறம் மாதிரி அதுவும் ஒன்று.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறோ என்ற கேள்வி இந்த மாதிரி நிகழ்வுகளில் எழும். அங்கே தன்னைப் பற்றிய எண்ணம் மேலும் கீழும் ஊசலாடும். உறவுகளில் பிடித்து இழுத்துத் தள்ளிவிடும் வேகம் இருக்கும். இவரிடம் எண்ணம் ஒரே இடத்தில், கீழேயே, உறைந்து நின்றது. உறவுகளில் சண்டை இல்லை, சத்தமில்லாமல் விலகல்தான். மயக்கம் என்றது டிசோசியேஷன். தப்ப முடியாத இடத்தில் மனம் உடம்பை விட்டு விலகிக்கொள்ளக் கற்ற வழி அது. ரத்தசோகை இருந்தது, இரும்புச்சத்து மாத்திரைக்கு அனுப்பினேன். தைராய்டு சரி.

தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்டேன். உண்டு, ஆனால் மகளை நினைத்து நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் நச்சுச் சாயப்பொடியான சாணிப்பவுடர் இருக்கிறதா என்பது இந்தப் பக்கம் வேலை செய்யும் எங்களுக்கு வழக்கமான கேள்வி. மாமியார் வாசல் தெளிக்க வைத்திருந்தார். அது முதல் வாரமே வீட்டை விட்டுப் போனது. 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அவர் போனில் பதிந்து, ஒரு தடவை அழைத்துப் பார்க்கவும் வைத்தேன். கஷ்டமான நேரத்தில் முதல் தடவையாக ஒரு எண்ணை அழைப்பது யாருக்கும் எளிதல்ல.

சட்டம் பற்றியும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல்தான் அமலில் இருக்கிறது. இவருக்கு நடந்தது அதற்கு முன்னால், எனவே புகார் கொடுத்தால் அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டப்படிதான் பார்ப்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அவர் சொல்வதை ரகசியமாக வைக்க என்னைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இன்றைக்கு ஒரு குழந்தைக்கு அந்த ஆளால் நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தால், போக்சோ 19ஆம் பிரிவின்படி நான் சொல்லியாக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொன்னேன். பாதியில் சொல்வது துரோகம் மாதிரி ஆகிவிடும், துரோகம் இவருக்குப் புதிதல்ல. மகளை அந்த ஆளோடு தனியாக ஒருநாளும் விட்டதில்லை என்றார். ஏன் விடவில்லை என்று அதுவரை தனக்கே சொல்லிக்கொண்டதில்லை என்றும் சொன்னார்.

எதை முதலில் செய்வது

1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இந்தச் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கமும், பிறகு மீண்டும் மனிதர்களோடு சேர்தல். நெடுங்காலம் இதுதான் பாதை. 2016இல் நெதர்லாந்து உளவியலாளர் ஆத் டி யோங்கும் அவருடைய சகாக்களும் இதைக் கேள்வி கேட்டார்கள். முதல் கட்டம் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் போதாது, நினைவுகளைத் தொடும் சிகிச்சையை அது வீணாகத் தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லி வருடக்கணக்கில் மூச்சுப்பயிற்சியோடு நிறுத்திவிடுவதை நம்மூரில் பார்க்கிறோம். பயப்படுவது பல நேரம் சிகிச்சையாளர்தான். அதே சமயம் 2019இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, கொடுமை குழந்தைப் பருவத்தில் தொடங்கியிருந்தால் இப்போதிருக்கும் சிகிச்சைகளின் பலன் குறைகிறது என்று காட்டியது. ஆக, கட்சி கட்டிக்கொள்வதில் லாபமில்லை. இவர் விஷயத்தில் முதல் கட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் கோட்பாடு அல்ல. சீருக்கு நாள் குறிக்க மாமியார் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் க்ளாய்ட்டரின் குழு 2002இல், சிறுவயதுக் கொடுமையால் பாதிக்கப்பட்ட 58 பெண்களிடம் சோதித்த முறையில் எட்டு அமர்வு உணர்ச்சி, உறவுத் திறன்கள், அடுத்த எட்டு அமர்வு நினைவு வேலை. இந்தக் கணக்கு நம் ஊரில் அப்படியே நடக்காது. ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடும். ஒரு நாள் வராவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் மாதம் ஒருமுறை என்று, முதல் பாதியே அரை வருடம் போல இழுத்தது. மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கும் பி.டி.எஸ்.டி.க்கும் தரும் செர்ட்ராலின் மாத்திரையைத் தொடங்கினார். பழைய வலிப்பு மாத்திரையை நரம்பியல் மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைத்தார். அதைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

உடம்பு ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கத் தோட்டத்து மோட்டார்தான் கைகொடுத்தது. வோல்டேஜ் ஏறினாலும் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகும், இறங்கினாலும் ஆகும். நடுவில் ஒரு அளவுக்குள்தான் மோட்டார் ஓடும். படபடப்பு ஏறிப் பதறுவது ஒரு பக்கம், உறைந்து விலகிப்போவது மறுபக்கம், இரண்டும் மோட்டாரைக் காக்கத்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எனக்குப் பைத்தியமில்லைங்களா?” என்று கேட்டார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொன்னதாகவும், இவ்வளவு நாள் ஏன் எவரும் இப்படிச் சொல்லவில்லை என்று அவர் கேட்டதாகவும் அடுத்த முறை சொன்னார்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் ஓய்வுப்பயிற்சி இவர்களில் பலருக்கு ஆகாது. கண்ணை மூடினால் உள்ளே இருப்பது மேலே வரும். எனவே எல்லாமே கண் திறந்தபடிதான். நாற்காலி கதவைப் பார்த்து, பின்னால் சுவர். பயிற்சி நடக்க வேண்டிய இடம் கம்பெனி, என் அறையல்ல. அதனால் அவர் மெஷினையே எடுத்துக்கொண்டோம். அவருடைய இருக்கையில் என்னென்ன கைக்கு எட்டும் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். இடது பக்கம் கட்டு பிரித்த பீஸ்கள். மேலே ஸ்டாண்டில் நூல் கோன்கள். கீழே பெடல். தலைக்கு மேல் டியூப்லைட். வலது பக்கம் கத்தரி, எண்ணெய்க் கறை படிந்த துணி. சூப்பர்வைசர் நெருங்குவது தெரிந்ததும் செய்ய வேண்டியது: குதிகாலைத் தரையில் அழுத்துவது, கோனின் சொரசொரப்பை விரலால் தடவுவது, அன்றைக்கு ஓடும் நிறத்தையும் தேதியையும் மனதுக்குள் சொல்வது. ‘கருநீலம், வியாழக்கிழமை, எனக்கு முப்பத்தொம்பது.’ ஊசி ஓடும்போது கையை எடுக்க முடியாது, எனவே முதலில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பிறகு மற்றதெல்லாம். இந்த வரிசையைக் கண்டுபிடித்தது அவரே. அதற்கு முன்பு ஒருமுறை விரலில் ஊசி இறங்கியிருக்கிறது.

அடுத்தது வாய் திறப்பது. இவர் வாழ்க்கையை நடத்திவந்த விதி ஒன்றுதான்: நான் பேசினால் வீடு இரண்டாகும். அதைச் சின்ன இடத்தில் சோதிக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் என்ன சொல்லலாம் என்று நானும் அவரும் மாறி மாறி நடித்துப் பார்த்தோம். முதலில் மன்னிப்புக் கேட்கிற மாதிரியேதான் வந்தது. கடைசியில் ஒரு வாக்கியம் தேறியது: “அண்ணா, பின்னாடி நின்னா எனக்குத் தையல் ஓடிப்போகுதுங்க, பக்கத்துல வந்து பாருங்க.” இரண்டு வாரம் கழித்துச் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் சரி என்றுவிட்டுப் பக்கவாட்டில் வந்து நின்றார். ஒன்றும் ஆகவில்லை. திருத்தித் தைக்கத் திரும்பி வரும் ஆல்ட்ரேஷன் பீஸ் குறைந்தது என்று அவர் சொன்னபோது, சிகிச்சையின் பலனை இதைவிடத் துல்லியமாக எந்தக் கேள்வித்தாளும் அளக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சீர்

ஆவணியில் நாள் குறித்துவிட்டார்கள். அவர் ஒரு வாரம் தூங்கவில்லை. இந்த இடத்தில் சிகிச்சையாளருக்குக் கை பரபரக்கும். அந்த ஆளைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதானே என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் அவருக்காக முடிவெடுக்கும் இன்னொரு ஆள் நான், அம்மாவுக்கு அடுத்தபடியாக. சீரை நிறுத்தலாம், ஒத்திப்போடலாம், சிறியதாக வைக்கலாம், அவனே வரட்டும் என்று தாங்கிக்கொள்ளலாம், வேறு ஒருவரை நிறுத்தலாம். ஒவ்வொன்றிலும் யார் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் என்று எழுதினோம். வேறு ஒருவரை நிறுத்துவதென்றால் கணவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் பல அமர்வுகள் போயின. எந்த நேரம், எந்த இடம், முதல் வாக்கியம் என்ன, எங்கே நிறுத்திக்கொள்வது. கணவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி ‘ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை’ என்பது. அதில் குற்றச்சாட்டு இல்லாவிட்டாலும் கேட்பவர் காதில் அப்படித்தான் விழும். அதற்கும் பதில் தயார் செய்தோம். சொன்னார். கணவர் அதே கேள்வியைக் கேட்டார், அப்புறம் எழுந்து போய் வண்டியை எடுத்தார். அந்த ஆளை வெட்டிப்போடுகிறேன் என்று கிளம்பியவரை வாசலிலேயே நிறுத்தி, “இதையும் நீங்களே முடிவு பண்ணாதீங்க, மேடத்துகிட்டப் போலாம்” என்றிருக்கிறார். அந்த வாக்கியம் நாங்கள் ஒத்திகை பார்த்ததில்லை.

கணவரை அவர் அனுமதியோடு தனியாகப் பார்த்தேன். கோபம் நியாயமானது. ஆனால் அவர் போய் அடித்தால் ஊர் முழுக்க அது பரவும், அதை யாருக்குச் சொல்வது என்ற உரிமை மறுபடி மனைவியிடமிருந்து போய்விடும். இதைச் சொன்னதும் புரிந்துகொண்டார். சாயப்பட்டறையில் வேலை பார்த்து நகக்கண்ணெல்லாம் நீலமேறிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் என்ன பண்ணோணும், அதைச் சொல்லுங்” என்று மட்டும் கேட்டார். பின்னாலிருந்து தொடக் கூடாது, கூப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றேன். அதுவே போதுமா என்று நம்ப முடியாமல் பார்த்தார்.

தாய்மாமன் யார் என்ற சிக்கலை அவிழ்த்தது மாமியார். அவருக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. மருமகள் அந்த ஆள் பெயர் வரும்போதெல்லாம் எழுந்து போவதைப் பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கிறார், அது போதும் அவருக்கு. ஊத்துக்குளியில் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறாரே, அவரும் அண்ணன் முறைதானே என்றார். பெரியம்மா வீட்டில் கேட்டால்? “குலதெய்வம் கோயில்ல பூக் கேட்டோம், அந்தப் பக்கம் வரலீன்னு சொல்லிப்போடலாம். சாமி சொன்னதுக்கு யாரு எதுத்துப் பேசறா?” பொய்தான். சிகிச்சைப் புத்தகங்கள் நேருக்கு நேர் எல்லை போடுவதைப் புகழும். உறவு தப்ப முடியாத வலையாக இருக்கும் ஊரில், மரியாதை கெடாமல் கதவைச் சாத்த ஊரே வைத்திருக்கும் வழிகள் இவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. சீர் நடந்தது. அந்த ஆள் குடும்பத்தோடு வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனான். மகளுக்கு மாலை போட்டது ஊத்துக்குளி அண்ணன். அன்றைக்கு அவருக்கு மயக்கம் வரவில்லை. மறுநாள் வந்தது, அரை மணி நேரம்.

கயிறும் கல்லும்

நினைவு வேலைக்கு விவரிப்பு வழிச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன். ஷாவர், நாய்னர், எல்பர்ட் ஆகியோர் அகதிகளிடமும் போரில் தப்பியவர்களிடமும் பயன்படுத்த வகுத்த முறை. கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். இன்னொரு வழி. ஆனால் ஒன்றல்ல, பல வருடக் கொடுமை என்னும்போது வாழ்க்கையை முதலிலிருந்து வரிசைப்படுத்துவது உதவும் என்று நினைத்தேன். பிறப்பிலிருந்து இன்றுவரை ஒரு கயிற்றைத் தரையில் விரிக்க வேண்டும். நல்லதற்குப் பூ, கெட்டதற்குக் கல். முதல் நாள் பெயர் மட்டும் சொன்னால் போதும், விவரம் வேண்டாம்.

தேங்காய் நார்க் கயிறு, செவ்வந்தி, வாசலில் பொறுக்கிய ஜல்லி. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கல்லாக வைத்துக்கொண்டே போனார். கயிற்றில் பதினைந்து வயதைத் தொட்டதும் ஒரு பூவை எடுத்தார். அது ஸ்பின்னிங் மில். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கும் சுமங்கலித் திட்டம். அதன் கொடுமைகளைப் பற்றிக் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். இவரோ, “ராத்திரி கேட்டைப் பூட்டிருவாங்க மேடம். ஆம்பளைங்க யாரும் உள்ள வர முடியாது. அங்கதானுங் நான் தூங்கினது” என்றார். பூ பூவாகவே இருந்தது.

பிறகு ஒவ்வொரு கல்லாக. அந்த நேரத்தில் என்ன பார்த்தார், என்ன கேட்டார், உடம்பில் எங்கே என்ன இருந்தது, அப்போது என்ன நினைத்தார், இப்போது என்ன நினைக்கிறார். அப்போதையும் இப்போதையும் மாறி மாறிச் சொல்லவைப்பதுதான் இந்த முறையின் உயிர். விலகிப்போகிறார் என்று தெரிந்தால் நிறுத்தி, குதிகால், கயிற்றின் சொரசொரப்பு, இன்றைய தேதி. நான் எழுதிக்கொண்டே வருவேன், அடுத்த முறை வாசித்துக் காட்டுவேன், அவர் திருத்துவார். மிகக் கனமான கல் தீவன அறை என்று எதிர்பார்த்தேன். அது கனம்தான். ஆனால் அவர் உடைந்தது அம்மா அறைந்த இடத்தில். பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றதும், பஸ் கிளம்பியதும், அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்ததும்தான் ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்ற வாக்கியத்தின் பிறப்பிடம்.

குற்ற உணர்வு ஒன்று மிச்சமிருந்தது. கடலைமிட்டாய் வாங்கித் தந்தால் நான் தின்றேனே, லீவு முடிந்து நானேதானே போனேன். எட்டு வயதுக் குழந்தைக்கு மறுக்கும் சக்தி கிடையாது என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டுவார், உள்ளே இறங்காது. ஒருநாள் கம்பெனியில் குழந்தைகள் ஆர்டர் ஓடியிருக்கிறது. கழுத்து லேபிளில் 8 என்று போட்ட டி-சர்ட் ஒன்று கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அதை மெஷின் மேல் விரித்துப் பார்த்தாராம். என்னிடம் வந்து இரண்டு உள்ளங்கையையும் தள்ளி வைத்து அளவு காட்டினார். “இத்துனூண்டுதானுங் மேடம் தோளு. இத்துனூண்டு. அவனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?” அழவில்லை, கோபப்பட்டார். அதுவரை அந்த ஆளை மரியாதையாக ‘அவிங்க’ என்றுதான் சொல்லிவந்தார்.

எழுதி முடித்த வாழ்க்கைக் கதையில் அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றேன். எங்கே வைப்பது? பீரோ சாவி மாமியாரிடம், பெட்டி மகள் திறப்பாள், தையல் மெஷின் டிராயருக்குப் பூட்டில்லை. நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்குத் தன் காகிதம் ஒன்றை வைக்க வீட்டில் ஒரு சாண் இடம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அன்றுதான் உறைத்தது. இப்போதைக்கு அது என் அலமாரியில் இருக்கிறது. பூட்டுள்ள சின்னப் பெட்டி ஒன்று வாங்கச் சீட்டுப் பணத்தில் ஒதுக்கியிருக்கிறார்.

இப்போது

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மறுபடி ஐ.டி.க்யூ. கேட்டேன். திரும்ப வருதலும் தவிர்ப்பும் வரம்புக்குக் கீழே வந்துவிட்டன. விழிப்பு இன்னும் இருக்கிறது, இரவில் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்ப்பது நிற்கவில்லை. தன்னைப் பற்றிய எண்ணம் நன்றாக நகர்ந்திருக்கிறது. ‘ஒன்றுக்கும் உதவாதவள்’ கேள்விக்கு, “எப்பவாச்சும் தோணுதுங்” என்றார், அதாவது இப்போது தோன்றுகிறது, உண்மையாக இல்லை. உறவுக் கூறுதான் மெதுவாக நகர்கிறது. கம்பெனியில் ஒரே ஒரு தோழி, அவரோடு மதியச் சாப்பாடு. கணவரோடு நெருக்கம் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம், அது தனி வேலை. மயக்கம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது, உட்கார்ந்துகொள்கிறார்.

புகார் கொடுப்பதா என்பதை மூன்று தடவை பேசினோம். வக்கீல் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது வேண்டாம் என்பது அவர் முடிவு. அந்த ஆளின் தோட்டத்தில் இன்று குழந்தைகள் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டோம், அது மாறினால் நிலைமையும் மாறும் என்பது அவருக்குத் தெரியும். மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று உறவிலும் கோயிலிலும் சொல்பவர்கள் உண்டு. ஆலோசகர்களிலும் உண்டு. அதைச் சிகிச்சையின் இலக்காக நான் வைப்பதில்லை, அவரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். தினமும் போனில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாதம் ஒருமுறை வருகிறார். செர்ட்ராலினைக் குறைப்பது பற்றித் தைக்குப் பிறகு பார்க்கலாம் என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் இன்னொன்று வரும்போல் இருக்கிறது. பெரியம்மா படுத்த படுக்கை. எழவு விழுந்தால் போயாக வேண்டும், அதுவும் அந்தத் தோட்டத்துக்கே, அவன் வீட்டுக்கே. போவதா வேண்டாமா, போனால் யாரோடு, சாளைக்குள் போவதா வாசலோடு நிற்பதா, எவ்வளவு நேரம், தாராபுரத்திலிருந்து திரும்ப எந்த பஸ் என்று போன அமர்வில் தாளில் எழுதத் தொடங்கினோம். கணவர் வண்டியிலேயே கூட்டிப்போவதாகச் சொல்கிறார். இவருக்கு பஸ்தான் வேண்டுமாம், வேண்டும் என்கிறபோது தானே ஏறிவிடலாம் என்பதற்காக. பேச்சு அந்த இடத்தில் நிற்கிறது.